வேலி கட்டிய வேட்டைக்காரர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ஒரு மாநிலத்தவர் மற்றொரு மாநிலத்துக்குச் சென்று மான்வேட்டையாட விரும்பினால், துப்பாக்கியைத் துடைக்குமுன் பேனாவை எடுத்தல் வேண்டும். வயோமிங் மாநிலத்துப் புல்வெளியிலே கவைக்கொம்பு மான் ஒன்றைச் சுட எண்ணும் நியூயோர்க் வாசி, எந்த வட்டாரத்தில் வேட்டையாடப் போகிறார் என்பதை முதலில் தெரிந்தெடுக்கிறார்; பல மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பம் அனுப்புகிறார்; அம்மாநிலத்துக் குடிகள் செலுத்துவதிலும் பன்மடங்கு கட்டணம் செலுத்துகிறார்; பின்னர்ச் சீட்டிழுப்பிலே தம் பெயர் விழுமா என்று காத்திருக்கிறார். விழாவிட்டால் அவ்வாண்டு வேட்டை இல்லை. விழுந்தால் ஒரு சீட்டு வரும். அச்சீட்டுக்கு ஒரு மான், ஒன்றே ஒன்று. சுட்ட இடத்தை விட்டு அகலுமுன் சீட்டிலே நாளைக் குறித்து மானின் உடலோடு சேர்த்தல் வேண்டும். மறந்தால் தண்டனை உண்டு.

இந்த நடைமுறை மிகப் பழையதன்று. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் அப்புல்வெளிகளிலே வந்தவர்கள் யாவரும் எவரையும் கேளாமற் சுட்டனர். சுட்டுச் சுட்டு, இனிச் சுடுவதற்கு எதுவும் எஞ்சாது என்ற நிலை நெருங்கிய பின்னரே கேட்டுச் சுடும் வழக்கம் பிறந்தது. கேளாது சுட்ட காலத்தையும் கேட்டுச் சுட்ட காலத்தையும் ஒரே மனிதரின் வாழ்க்கையிற் காணலாம். அவர் தியோடர் ரூஸ்வெல்ட். அமெரிக்காவின் 26ஆவது சனாதிபதி. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சனாதிபதியான பிராங்கிளின் ரூஸ்வெல்ட் இவருக்குத் தூரத்து உறவினர். பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்ளும் மாணவர் இன்றும் உளர், ஆதலாற் குறிப்பிட்டேன்.

1858ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நியூயோர்க் நகரத்துச் செல்வக் குடும்பம் ஒன்றிலே தியோடர் பிறந்தார். பிள்ளைப் பருவத்தில் அவரை ஆட்டிப் படைத்தது தொய்வு நோய். இரவிலே மூச்சு முட்டும் குழந்தையைத் தந்தையார் தோளிற் சுமந்து அறைக்குள் உலாவிய கதை அக்குடும்பத்தில் வழங்கியது. ஓடியாட இயலாத அச்சிறுவர் புத்தகங்களிலே விலங்குகளைத் தேடினார். ஏழு வயதளவில் பிரோட்வே வீதிச் சந்தையிலே செத்த கடல்நாய் ஒன்று கிடந்ததைக் கண்டார். நாள்தோறும் சென்று அதனை அளந்தார்; அளவுகளைக் குறித்துவைத்தார்; ஈற்றில் அதன் மண்டையோட்டைப் பெற்று வந்து, தம் வீட்டிலே நூதனசாலை ஒன்றைத் தொடக்கினார். தந்தையாரோ உண்மையான நூதனசாலை ஒன்றையே தொடக்கியவர்களுள் ஒருவர். 1869இல் நிறுவப்பட்ட அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையின் மூலவருள் அவர் பெயரும் உண்டு.

பதின்மூன்று வயதளவிற் பையனுக்குத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. தோழர்கள் எளிதிற் கண்டு சுடும் பறவைகள் தம் கண்ணுக்கு மட்டும் தென்படாதிருப்பது ஏன் என்று அப்போதுதான் அவர் திகைத்தார். பார்வைக் குறை என்பது அதுவரை வீட்டார் எவருக்கும் தெரியவில்லை. கண்ணாடி அணிவித்தார்கள், இலையும் இறகும் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தன. உலகத்தின் அழகை அவருக்குக் காட்டியது ஒரு துப்பாக்கி என்பதை நாம் மனத்திற் கொள்வது நல்லது. நேசிப்பதும் சுடுவதும் அவர் உள்ளத்திலே பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடந்தமைக்கு இதனினும் பொருத்தமான தொடக்கம் வேறில்லை. 1872ஆம் ஆண்டு குடும்பத்தோடு எகிப்துக்குச் சென்று நைல் நதியிலே படகில் மிதந்த மாதங்களில், நூற்றுக்கணக்கான பறவைகளைச் சுட்டுத் தோலுரித்துப் பெயரெழுதி அடுக்கினார்.

ஹாவாட் பல்கலைக்கழகத்திற் படிப்பு முடிந்த 1880ஆம் ஆண்டிலேயே அலிஸ் லீ என்னும் நங்கையை மணந்தார். இருபத்துமூன்று வயதில் நியூயோர்க் மாநில சட்டசபைக்குத் தெரிவானார். அரசியல் அவரை நாளுக்கு நாள் ஈர்த்தது. எனினும் மேற்குத் திசையின் பெரு விலங்குகள் அழிந்துவருகின்றன என்ற செய்தி அவரை உறங்கவிடவில்லை. எருமை எனப் பொதுவாக அழைக்கப்படும் பைசன் என்னும் காட்டுமாடு மறைவதற்குமுன் தாமும் ஒன்றைச் சுட்டுவிட வேண்டும் என்று ஏங்கினார். அழிவைத் தடுக்கவேண்டும் என்பதன்று அவருடைய அன்றைய எண்ணம். அழிவுக்குமுன் தம் பங்கைப் பெறவேண்டும் என்பதே.

அந்த முதற் பயணத்துக்கு அவர் செய்த ஆயத்தங்களை இன்றைய விண்ணப்பதாரர் கேட்டால் வியப்பார். 1883ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க்கில் நடைபெற்ற விருந்தொன்றிலே கொறிஞ் என்னும் கடற்படை அதிகாரியைச் சந்தித்தார். எகிப்திலிருந்து கிளியோபாத்திராவின் ஊசி எனப்படும் பெருங் கற்றூணைக் கொண்டுவந்து நியூயோர்க்கில் நிறுத்தியவர் அவர். டக்கோட்டாப் பிரதேசத்திலே லிட்டில் மிசூரி ஆற்றங்கரையிற் கைவிடப்பட்ட படைவீடு ஒன்றை வாங்கி, வேட்டைக்கு வருவோர் தங்கும் இடமாக்க அவர் எண்ணியிருந்தார். இருவரும் சேர்ந்து செல்வதென்று ஏற்பாடு. கடைசி நேரத்திலே கொறிஞ் பின்வாங்கினார், ரூஸ்வெல்ட் பின்வாங்கவில்லை. கருவுற்றிருந்த மனைவியை விட்டுத் தனியே புகையிரதம் ஏறினார். துப்பாக்கிகள், தோட்டாக்கள், பணம் ஆகிய மூன்றுமே அவர் கொண்டுசென்ற ஆவணங்கள். அனுமதிப்பத்திரம் என்பதைப் பற்றி அவர் எவரையும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஏறக்குறைய இரண்டாயிரம் மைல் கடந்து, செப்டெம்பர் மாதத்து நள்ளிரவு ஒன்றிலே லிட்டில் மிசூரி என்ற சிற்றூரிலே தனியராய் இறங்கினார். வடபசிபிக் இருப்புப்பாதை முழுமை பெற்றது அதே செப்டெம்பர் மாதத்திலேதான். அவரைக் கொண்டுவந்த அப்பாதையே காட்டுமாட்டின் தோல்களை மூட்டை மூட்டையாகக் கிழக்கே கொண்டுபோன பாதை. வடக்குப் புல்வெளியின் பெருமந்தை 1880ஆம் ஆண்டு தொடங்கி மூன்றே ஆண்டுகளிற் பெரும்பாலும் துடைத்தழிக்கப்பட்டது. அவர் வந்து இறங்கியபோது எஞ்சியவை சிதறிய சில விலங்குகளும், கண்ணுக்கெட்டிய தூரம் வெளுத்துக் கிடந்த எலும்புகளுமே.

கண்ணாடி அணிந்த இந்தக் கிழக்கத்தியானை அவ்வூரார் ஐயுறவோடு நோக்கினர். ஜோ பெரிஸ் என்ற இளைஞர் வழிகாட்ட அரைமனத்தோடு இசைந்தார். ஏறிச் செல்லக் குதிரை ஒன்றை இரவல் கேட்டார் ரூஸ்வெல்ட். அந்நியனை நம்பிக் கொடுப்பார் இல்லை. உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துக் குதிரையை விலைக்கே வாங்கினார். பின்னர் மழை பிடித்துக்கொண்டது. நாட்கணக்காகக் கொட்டிய மழையிலே சேறு குழைந்த பள்ளத்தாக்குகளில் இருவரும் அலைந்தனர். இரவிலே கிறெகர் லாங் என்னும் ஸ்கொத்லாந்துக்காரரின் குடிசையிலே தங்கினர். களைத்த பெரிஸ் உறங்கிவிடுவார். ரூஸ்வெல்ட்டோ நடுச்சாமம் வரை லாங்கோடு அரசியல் பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் அந்தியிலே காயப்பட்ட காட்டுமாடு ஒன்று திரும்பிப் பாய்ந்தது. வெருண்ட குதிரை தலையை உதற, கையிலிருந்த துப்பாக்கி தெறித்து நெற்றியைப் பிளந்தது. அன்றிரவு குடிக்க நல்ல நீரின்றி வெட்டவெளியிலே படுத்தனர். தலையணையாக வைத்த சேணங்களை இழுத்துக்கொண்டு குதிரைகள் ஓடின. விடியுமுன் மீண்டும் மழை. இத்தனை இடரிலும் அவர் முகம் வாடவில்லை என்பதே பெரிஸுக்குப் பெருவியப்பாயிற்று. ஈற்றில் மொன்டானா எல்லைக்கு அப்பால் தனிக்காளை ஒன்று அகப்பட்டது. சுட்டு வீழ்த்திய ரூஸ்வெல்ட் அதன் உடலைச் சுற்றிக் கூத்தாடினார். வழிகாட்டிக்கு அங்கேயே நூறு டொலர் பரிசளித்தார். அழிந்துகொண்டிருந்த ஓரினத்தின் எச்சங்களுள் ஒன்று வீழ்ந்து கிடக்க, இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் ஆடிய அந்த ஆட்டத்தை அவரைப் போற்றுவோர் புன்னகையோடு எழுதிச் செல்வர். எனக்கு அவ்விடத்திலே புன்னகை வருவதில்லை.

ஊர் திரும்புமுன் அப்பிரதேசத்திலே மாட்டுப் பண்ணை ஒன்றில் 14,000 டொலர் முதலிட்டார். விளையாட்டாகச் செய்தது போலத் தோன்றிய அம்முதலீடு அடுத்த ஆண்டிலே அவருக்கு அடைக்கலமாயிற்று. 1884ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் ஒரே வீட்டிலே தாயாரும் மனைவியும் சில மணி நேர இடைவெளியில் இறந்தனர். மகள் பிறந்து இரண்டு நாளே ஆகியிருந்தது. அன்றைய நாட்குறிப்பிற் பெரிய பெருக்கற் குறி ஒன்றை இட்டு, ஒரே ஒரு வரி எழுதினார். இறந்த மனைவியைப் பற்றிப் பின்னர் அவர் ஏறக்குறைய வாய் திறந்ததே இல்லை. தம் சுயசரிதையிலே அவர் பெயரைக்கூடக் குறிக்கவில்லை. குழந்தையைத் தமக்கையாரிடம் ஒப்படைத்துவிட்டு, ஜூன் மாதத்தில் டக்கோட்டாவுக்குப் போனார்.

அங்கே போனவர் சில நாட்களிலேயே ஒரு குதிரையும் துப்பாக்கியும் மட்டும் துணையாகப் புல்வெளிக்குள்ளே தனித்துப் புகுந்தார். அந்தத் தனிமைப் பயணத்தின் வேட்டைப் பொருள் கவைக்கொம்பு மான். அன்ரிலோப் என்று அந்நாட்டார் அழைத்தாலும், ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள இரலை இனங்களோடு அதற்கு நெருங்கிய உறவில்லை. வேறெந்த விலங்கும் எஞ்சாத ஒரு குடும்பத்தின் கடைசி வாரிசு அது. கொம்பின் மேலுறையை ஆண்டுதோறும் உதிர்த்து மீண்டும் வளர்ப்பது. மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் ஓடவல்லது. மரமோ மறைவோ இல்லாத வெளியிலே வாழ்வதால் அதன் காவல் அதன் கண்ணே. மைல் தொலைவில் அசையும் பொருளையும் கண்டுகொள்ளும். ஆயினும் அதற்கொரு குறையுண்டு. புதுமையைக் கண்டால் அருகே வந்து பார்க்காமல் அடங்காது. பழைய வேட்டைக்காரர் புல்லிலே மறைந்து கிடந்து சிவப்புத் துணி ஒன்றை ஆட்டினால், அஞ்சியும் ஆசைப்பட்டும் வட்டமிட்டு வட்டமிட்டுக் குறிக்குள்ளே வந்து சேரும். இன்னொரு குறை, வேலியைத் தாண்டிக் குதிக்கும் பழக்கம் பெரும்பாலும் இல்லாமை. ஆள் உயரத்துக்குத் துள்ளவல்ல கால்கள் இருந்தும் கம்பிக்குக் கீழே நுழைந்து போகவே அது முயலும். மாட்டுப் பண்ணையார்கள் முட்கம்பி இழுக்கத் தொடங்கியபோது அதன் பருவகால வழிகள் அடைபட்டன. ரூஸ்வெல்ட்டும் அப்பொழுது ஒரு மாட்டுப் பண்ணையார் என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று.

பார்வை குறைந்தவருக்கு இம்மானினும் கடினமான இலக்கு இல்லை. தோட்டாக்கள் பல வீணாயின. தாம் சிறந்த குறிகாரர் அல்லர் என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் அந்த வேட்டையைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களிலே சுட்ட கணத்தைவிடச் சுடாத மணிகளே மிகுதி. புல்வெளிப் பறவையின் பாட்டு, நண்பகலின் கானல், இரவிலே சேணத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தவருக்கு மேலே விரிந்த வானம் ஆகியவை அங்கே நிறைந்துள்ளன. மனைவியை இழந்த துயரத்தை ஓரிடத்திலும் அவர் பேசவில்லை. வெளியின் தனிமையை மட்டும் பேசுகிறார். நூலைக் கூர்ந்து படிப்பார்க்கு அதுவே போதும்.

1885இல் வெளிவந்த அந்நூல் பண்ணையாளன் ஒருவனின் வேட்டைப் பயணங்களைப் பற்றியது. முதற் பதிப்பு 500 பிரதிகளே. வனமும் ஓடையும் என்னும் பொருள்படும் பெயர்கொண்ட வார இதழின் ஆசிரியர் ஜோர்ஜ் பேர்ட் கிறினெல் அதற்கு மதிப்புரை எழுதினார். 1874ஆம் ஆண்டிலேயே இயற்கையறிஞராக மேற்குப் புல்வெளிகளைக் கண்டவர் அவர். நூலின் இனிமையைப் பாராட்டிய கிறினெல், வேட்டைக்காரர் வாய்க்கதைகளையும் மெய்யையும் பிரித்தறியும் அநுபவம் ஆசிரியருக்குப் போதாது என்பதையும் மெல்லச் சுட்டினார். இக்காலத்து எழுத்தாளர் சிலருக்கு இவ்வளவு போதும், ஆயுட்காலப் பகைக்கு. ரூஸ்வெல்ட் நேரே இதழ் அலுவலகத்துக்குச் சென்று, குறைகளை எடுத்துக் காட்டுமாறு வேண்டினார். இருவரும் நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினர். பேச்சு நூலிலிருந்து விலங்குகளின் நிலைக்குத் திரும்பியது. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் சந்தைக்குச் சுடுவோர் இருப்புப்பாதையின் துணையோடு எவ்வாறு ஒவ்வோர் இனமாக முடித்து வருகின்றனர் என்பதைக் கிறினெல் எடுத்துரைத்தார். ரூஸ்வெல்ட் கற்ற பாடங்களுள் மதிப்புரை ஒன்றிலிருந்து தொடங்கிய இதுவே பெரியது எனலாம்.

மற்றப் பாடத்தை இயற்கை கற்பித்தது. 1886ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கிய கொடும் பனிக்காலம் டக்கோட்டாப் புல்வெளியைப் புதைத்தது. அவருடைய மாடுகளிற் பாதிக்கு மேல் மடிந்தன. அளவுக்கு மிஞ்சி மேய்ந்த நிலம் பனியைத் தாங்கவில்லை. 1887இல் அவர் திரும்பிச் சென்றபோது, நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்க் கண்ட வேட்டை விலங்குகள் மிக அருகியிருந்தன. அவ்வாண்டு டிசம்பர் மாதம் நியூயோர்க்கிலே நண்பர்களை விருந்துக்கு அழைத்து, பூன் - குரொக்கற் கழகத்தை நிறுவினார். பழம்பெரும் வேட்டைக்காரர் இருவரின் பெயர் அது. அமெரிக்கப் பெருவிலங்குகளில் மூன்று வகையையேனும் நேரிய முறையில் வேட்டையாடியவர்க்கே அங்கத்துவம். அங்கத்தவர் தொகை நூற்றுக்கு மேற்படலாகாது. நேரிய முறை என்பதற்கு வரையறையும் செய்தனர். நீந்திச் செல்லும் விலங்கைப் படகிலிருந்து சுடல், இரவிலே விளக்கொளியால் மயக்கிச் சுடல், ஆழ்பனியில் கால் புதைந்து தவிப்பதைச் சுடல் ஆகியவை விலக்கப்பட்டன. சட்டம் எதுவும் கேளாதிருக்கத் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட வேலி இது.

கழகத்தின் வேலை விரைவிலே விருந்து மண்டபத்தைக் கடந்தது. யெலோஸ்ரோன் தேசியப் பூங்கா 1872இலேயே அமைக்கப்பட்டிருந்தும், அங்கே விலங்கைக் கொன்றவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கவில்லை. 1894ஆம் ஆண்டு மார்ச் மாதம் பூங்காவினுள் எஞ்சியிருந்த காட்டுமாடுகளைக் கொன்று கொண்டிருந்த ஒருவன் கையும் மெய்யுமாகப் பிடிபட்டான். அவனை வெளியே துரத்துவதன்றி வேறொன்றும் செய்ய இயலவில்லை. கிறினெலின் இதழ் இதனை நாடறியச் செய்தது. கழகத்தார் வாசிங்டனிலே கதவுதோறும் தட்டினர். மே மாதத்திலே சட்டம் வந்தது. கழகத்தவரான லேசி என்ற காங்கிரஸ் அங்கத்தவர் 1900ஆம் ஆண்டிலே மற்றொரு சட்டத்தை நிறைவேற்றுவித்தார். ஒரு மாநிலத்திலே சட்டத்துக்கு மாறாகக் கொன்ற விலங்கை வேறு மாநிலத்துக்கு அனுப்புவதைக் குற்றமாக்கியது அது. சந்தை வேட்டைக்காரனின் புகையிரதம் அன்றோடு நின்றது என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அதன் வழியில் ஒரு தடை விழுந்தது.

காட்டு விலங்கு யாருடையது என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் அடியிற் கிடந்தது. 1896ஆம் ஆண்டில் கனெற்றிகட் மாநிலத்து வழக்கொன்றிலே உயர்நீதிமன்றம், அவ்விலங்குகள் மக்கள் அனைவர் சார்பாகவும் மாநிலத்தின் உடைமை என்று தீர்த்தது. இந்த உடைமைக் கோட்பாட்டை 1979இல் அதே மன்றம் கைவிட்டது. எனினும் வேட்டையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களிடமே நிலைத்தது. பிற மாநிலத்தவரிடம் கூடுதற் கட்டணம் வாங்கும் அனுமதிப்பத்திர முறை அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் மேற்கு மாநிலங்களிலே பரவியது. நியூயோர்க் மாநில ஆளுநராக 1899, 1900ஆம் ஆண்டுகளிற் பதவி வகித்த ரூஸ்வெல்ட், காட்டுக் காவலர் பதவி அரசியற் கைம்மாறாக வழங்கப்படுவதைக் கண்டித்தார். காட்டை அறிந்தவரே அதனைக் காக்கவேண்டும் என்று வற்புறுத்தினார்.

இந்நல்ல சட்டங்களுக்கு ஒரு நிழற்பக்கம் உண்டு. வயோமிங்கில் 1895ஆம் ஆண்டு பனொக் குடியைச் சேர்ந்த ரேஸ் ஹோர்ஸ் என்பவர் ஏழு எல்க் மான்களைக் கொன்றதற்காகப் பிடிக்கப்பட்டார். குடியேறப்படாத நிலங்களில் வேட்டையாடும் உரிமையை 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர் குடிக்கு அளித்திருந்தது. வயோமிங் மாநிலமான அன்றே அவ்வுரிமை இறந்துவிட்டது என 1896இல் உயர்நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பின் அடிப்படையை அம்மன்றமே தள்ளிவிட 2019ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அப்புல்வெளியில் உண்டு வாழ்ந்தவர் சீட்டில்லாத குற்றவாளி ஆயினர். வந்து சுட்டு அழித்தவரின் மக்கள் சீட்டு வழங்கும் அதிகாரிகள் ஆயினர். இவ்வழக்கிலே ரூஸ்வெல்ட்டுக்குப் பங்கில்லை. ஆனால் பூர்வீகக் குடிகளைப் பற்றி அவர் இளமையிற் பேசியவை இரக்கமற்றவை. அவர்களுடைய வேட்டையுரிமை அவர் சிந்தனையில் இடம்பெற்றதாகத் தோன்றவில்லை.

1901ஆம் ஆண்டு செப்டெம்பரிலே சனாதிபதி மக்கின்லி கொலையுண்டதும், உபசனாதிபதியாயிருந்த ரூஸ்வெல்ட் நாற்பத்திரண்டு வயதிலே நாட்டின் தலைவரானார். மறு ஆண்டு நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்துக் கரடி வேட்டையில் நிகழ்ந்தது உலகறிந்த கதை. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஹோல்ற் கொலியர் என்னும் தேர்ந்த வேட்டைக்காரர், நாய்கள் வளைத்த கரடி ஒன்றை அடித்து மரத்திலே கட்டிவைத்துச் சனாதிபதி வந்து சுடட்டும் என்று காத்திருந்தார். கட்டுண்டதைச் சுடுவது நேரிய வேட்டையன்று என்று ரூஸ்வெல்ட் மறுத்தார். பத்திரிகையிலே கேலிச்சித்திரம் வந்தது. பொம்மை வணிகர் கரடிப் பொம்மை செய்து அவர் செல்லப்பெயரை அதற்கு இட்டனர். உலகக் குழந்தைகள் அணைத்து உறங்கும் பொம்மைக்கு அவர் பெயர் நின்றது. கதையின் மறுபாதியைப் பொம்மைக்கடைகள் சொல்வதில்லை. படுகாயமுற்றிருந்த அக்கரடியின் வேதனையை முடிக்குமாறு அவர் பணிக்க, அது கத்தியாற் கொல்லப்பட்டது. மறுத்தது கொலையை அன்று; முறைகேட்டையே.

ஏழரை ஆண்டு ஆட்சியிலே அவர் ஒதுக்கிக் காத்த நிலம் ஏறக்குறைய 23 கோடி ஏக்கர் எனக் கணக்கிடுவர். 1903ஆம் ஆண்டு மார்ச்சில் புளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தார். அதனோடு தொடங்கிய பறவைச் சரணாலயங்கள் 51 ஆயின. தேசிய காடுகள், ஐந்து தேசியப் பூங்காக்கள், 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 18 தேசியச் சின்னங்கள் ஆகியவை இவற்றின் மேல். தாம் ஒருகாலத்தில் ஆடிக் கொண்டாடிய காட்டுமாட்டின் இறப்புக்கும் ஒருவகைக் கழுவாய் தேடினார் போலும். 1905இல் உருவான அமெரிக்கக் காட்டுமாட்டுச் சங்கத்தின் கௌரவத் தலைமையை ஏற்றார். 1907இல் நியூயோர்க் விலங்குச்சாலையில் வளர்ந்த 15 காட்டுமாடுகள் புகையிரதத்தில் ஏற்றப்பட்டு ஒக்லஹோமாவின் விச்சிற்றா மலைகளுக்கு அனுப்பப்பட்டன. ஒருகாலத்தில் தோல்களைக் கிழக்கே சுமந்த வண்டி, உயிர்களை மேற்கே சுமந்தது. 1908இல் மொன்டானாவிலே தேசியக் காட்டுமாட்டுப் புலம் அமைந்தது. அந்நிலமும் சலிஷ், கூற்றனே குடிகளின் ஒதுக்கிடத்திலிருந்து எடுக்கப்பட்டதே; 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களுக்கு அது மீண்டது.

பதவி முடிந்த மூன்று வாரத்தில், 1909ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், மகன் கேர்மிற்றோடு ஆபிரிக்காவுக்குக் கப்பலேறினார். இம்முறை ஆயத்தம் ஓராண்டு நடந்தது. ஆபிரிக்க வேட்டையிற் புகழ்பெற்ற செலூஸ் என்னும் ஆங்கிலேயரிடம் கடிதம்வழி ஆலோசனை கேட்டார். சிமித்சோனியன் நூதனசாலைக்கு மாதிரிகள் திரட்டுவதாகத் திட்டம் வகுத்தார். தோல்களைப் பதப்படுத்த நான்கு தொன் உப்பு ஏற்றப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்ட சுமையாளர் நடந்தனர். பன்றித்தோலில் அட்டை கட்டிய புத்தகங்களின் பெட்டி ஒன்றும் உடன் சென்றது. முக்கியமாக, 1883இல் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. பிரித்தானியக் கிழக்காபிரிக்காவில் வேட்டைக்கு வருவோர் 50 பவுண் கட்டி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். எந்த இனத்தில் எத்தனை என்பது அதிலே எழுதப்பட்டிருக்கும். ரூஸ்வெல்ட் குழுவினர்க்கு விஞ்ஞானத்தின் பெயரால் விசேட அனுமதி வழங்கப்பட்டது.

அந்த அனுமதியைக் கொண்டு தந்தையும் மகனும் வீழ்த்திய பெருவிலங்குகள் 512. குழுவினர் திரட்டிய தாவர விலங்கு மாதிரிகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 11,400. நூதனசாலைக்கு அவை பெருஞ் செல்வமாயின என்பதில் ஐயமில்லை. விஞ்ஞானிகள் இன்றும் அவற்றைப் பயன்கொள்கின்றனர். எனினும் நைல் நதியோரத்து லாடோப் பகுதியிலே, அருகிவிட்ட இனம் என்று தெரிந்துகொண்டே, வடபுலத்து வெள்ளைக் காண்டாமிருகங்கள் ஒன்பதை இருவரும் சுட்டனர். அவ்வினத்தின் கடைசி ஆண் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் கென்யாவிலே இறந்தது. அவ்வேளை இரண்டு பெண்களே எஞ்சின. ஒன்பது விலங்குகளால் ஓரினம் அழிந்தது என்று கூறுதல் பொருந்தாது. பின்வந்த கொம்பு வேட்டைக்காரரும் போர்களுமே பெருங் காரணம். ஆனால் மறைவதற்குமுன் ஒன்றேனும் வேண்டும் என்று மழையிலே அலைந்த 1883ஆம் ஆண்டு இளைஞர், ஐம்பத்தொரு வயதுப் பெரியவருக்குள்ளே அழியாமல் இருந்தார் என்பதை இது காட்டுகிறது. எல்லா உயிரையும் காக்கப் புறப்பட்டவர் அல்லர் அவர். வேட்டையும் விலங்கும் சேர்ந்து நிலைக்க வேண்டும் என்று விரும்பியவர். காந்தியடிகளின் அகிம்சையை அவரிடம் தேடுவோர் ஏமாறுவர். வெறும் கொலைவெறியரென்று தள்ளுவோர், அவர் இட்ட வேலி இல்லாதிருந்தால் இன்று அந்நாட்டில் என்ன எஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

1914இல் பிரேசிலின் பெருங்காட்டாறு ஒன்றிலே நோயும் காயமும் அவரைச் சாவின் வாயில்வரை இழுத்துச் சென்றன. அதன்பின் உடல் முன்போலத் தேறவில்லை. 1918இல் இளைய மகன் குவென்ரின் பிரான்சிலே விமானப் போரில் மாண்டார். 1919ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அதிகாலை, ஒயிஸ்ரர் குடாவிலுள்ள தம் இல்லத்திலே, உறக்கத்திலே ரூஸ்வெல்ட்டின் உயிர் பிரிந்தது. வயது அறுபது.

அவர் இறந்த காலத்திலே கவைக்கொம்பு மானின் நிலை மிகத் தாழ்ந்திருந்தது. ஒருகாலத்தில் கோடிக்கணக்கில் மேய்ந்ததாக மதிக்கப்படும் அவ்வினம், 1922 முதல் 1924 வரை எடுத்த கணக்கெடுப்பில் ஏறக்குறைய 30,000 என நின்றது. பல மாநிலங்கள் அதன் வேட்டையை முற்றாக மூடின. 1931இல் நெவாடா மாநிலத்திலே அம்மானுக்கென ஒரு புகலிடம் அமைந்தபோது, நிலம் வாங்கப் பணம் தந்தவற்றுள் ரூஸ்வெல்ட் தொடங்கிய கழகமும் ஒன்று. 1937இல் உறவினரான பிராங்கிளின் ரூஸ்வெல்ட் ஒப்பமிட்ட சட்டம், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த வரிப்பணத்தை விலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பியது. மந்தைகள் பெருகின. மூடிய மாநிலங்கள் எண்ணிக் கணக்கிட்டுச் சீட்டுக்களை வழங்கத் தொடங்கின. இன்று அவ்வினம் பல இலட்சமாகப் பெருகியுள்ளது. வயோமிங் மாநிலத்திலேயே அதிகம்.

லிட்டில் மிசூரி ஆற்றங்கரையிலே அவர் சுற்றித் திரிந்த நிலம் 1947இல் அவர் பெயரால் நினைவுப் பூங்காவாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 1956ஆம் ஆண்டு நெப்ராஸ்காவிலிருந்து 29 காட்டுமாடுகள் கொண்டுவரப்பட்டு அங்கே விடப்பட்டன. அவற்றின் வழிவந்தவை அங்கே மேய்கின்றன. பூங்காவுக்கு வெளியே கவைக்கொம்பு மானைத் துப்பாக்கியாற் சுட வடடக்கோட்டா மாநிலம் சீட்டிழுப்பு நடத்துகிறது. அண்மை ஆண்டுகளில் அச்சீட்டுக்கு விண்ணப்பிக்க அம்மாநிலத்தில் வசிப்பவர்களே தகுதியுடையோர். நியூயோர்க்கிலிருந்து வருபவருக்கு இடமில்லை.